வெட்டிவேர்ப் புல்லை இனங்காண்பது எப்படி?



மரங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் நாம், புல்லை மட்டும் பெரும்பாலும் புல் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். பால்மரம், செம்பனை, தென்னை, ரம்புத்தான், டுரியான் ஆகியவற்றைச் சிறு பிள்ளையும் அறியும். ஆனால் வீட்டு வாசலில் காலில் மிதிபடும் பத்து வகைப் புல்லில் ஒன்றின் பெயரைக் கேட்டால் பெரியவர்களே திகைத்துப் போகிறார்கள். புல்லும் தாவரம்தான். அதற்கும் வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாம் உண்டு. ஒவ்வொரு புல்லுக்கும் தனிக் குணமும் உண்டு. அந்தக் குணம் தெரியாமல் ஒன்றுக்குப் பதிலாக வேறொன்றை நட்டுவிட்டால், சில இடங்களில் வீடே ஆபத்துக்கு உள்ளாகும். ஆகவே இன்று ஒரே ஒரு புல்லை எடுத்துக்கொண்டு, அதைக் கண்டால் தவறாமல் அடையாளம் சொல்வது எப்படி என்று பார்ப்போம். அந்தப் புல் வெட்டிவேர்.

வெட்டிவேர் என்றதும் பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடைகளிலும் கட்டுக் கட்டாக விற்கும் பழுப்பு நிற வேர்தான் நம் நினைவுக்கு வரும். பானைத் தண்ணீரில் போட்டு வைத்தால் மணக்கும். குளியல் பொடியில் சேரும். திருவிழாவிலும் திருமணத்திலும் மாலையாகக் கட்டப்படும். வேரைப் பார்த்தவர்கள் பலர். அந்த வேரைத் தாங்கி நிற்கும் புல்லைப் பார்த்தவர்கள் சிலர். பார்த்தும் அதுதான் இது என்று அறியாதவர்கள் இன்னும் பலர்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். வெட்டி எடுக்கும் வேர் ஆகையால் வெட்டிவேர். இந்தத் தமிழ்ச் சொல் பிரெஞ்சு மொழிக்குள் நுழைந்து, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், இன்று உலகம் முழுவதும் 'வெட்டிவர்' என்றே வழங்குகிறது. பாரிஸ் நகரத்து வாசனைத் திரவியக் குப்பியின் மேலும் நம் சொல்தான் அச்சிடப்பட்டிருக்கிறது. வடஇந்தியாவில் இதைக் கஸ் என்பார்கள். மலாய்க்காரர்கள் 'ஆக்கார் வாங்ஙி' என்கிறார்கள். மணமுள்ள வேர் என்பது அதன் பொருள். தாவரவியலார் நெடுங்காலம் வெட்டிவேரியா சிசானியாய்டிஸ் என்று எழுதி வந்தார்கள். இப்பொழுது கிரைசோபோகன் சிசானியாய்டிஸ் என்று எழுதுகிறார்கள். பழைய நூலில் ஒரு பெயரும் புதிய நூலில் ஒரு பெயரும் இருந்தால் குழம்ப வேண்டாம். புல் ஒன்றுதான்.

இதன் தாயகம் இந்தியா. அங்கே ஆற்றங்கரைகளிலும் ஈரம் தங்கும் தாழ்நிலங்களிலும் தானாக வளரும். கரும்பு, சோளம், எலுமிச்சை மணம் வீசும் செரை ஆகியவை இதற்கு உறவுமுறை. ஈரத்தில் பிறந்த புல் என்றாலும் வறட்சியையும் தாங்கும். மேலே இலை காய்ந்தாலும் அடியில் தூர் உயிரோடு இருக்கும். மழை விழுந்ததும் மறுபடி துளிர்க்கும்.

புற்களை இனங்காணப் புறப்படும் மாணவர், எந்தப் புல்லைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும் என்று நாங்கள் வகுப்பில் சொல்லிக் கொடுப்போம். முதலாவது, இது ஒரு பருவத்தோடு மடிந்துபோகும் புல்லா, பல ஆண்டு வாழும் புல்லா? இரண்டாவது, இது தூராக, குத்தாக ஓரிடத்தில் நிற்கிறதா. அல்லது தரையில் ஓடியோ மண்ணுக்குள் ஓடியோ பரவுகிறதா? மூன்றாவது, இதன் அடியும் இலையும் பூவும் வேரும் எப்படி இருக்கின்றன? முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

வெட்டிவேர் பல ஆண்டு வாழும் புல். குத்தாக நிற்கும் புல். இந்த இரண்டு குணமும் சேர்ந்த புற்கள் உலகின் பல பகுதிகளில் நிலத்தைக் காத்து நிற்கின்றன. வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் பிரேரி என்னும் பெரும் புல்வெளி இருந்தது. அங்கே பல ஆண்டு வாழும் குத்துப்புற்கள் ஆழமாக வேரோடி மண்ணைப் பிடித்திருந்தன. உழவுக்காக அவற்றைப் பெயர்த்தெடுத்த பிறகு, 1930களில் மழை பொய்த்தபோது, பிடிப்பற்ற மண் காற்றில் கிளம்பிப் புழுதிப் புயலாக வானத்தை மறைத்தது. அதன் பின்னரே, 1935இல், அமெரிக்க அரசு மண் பாதுகாப்புக்கென்று தனித் துறை ஒன்றை ஏற்படுத்தியது. அங்கே மண்ணைக் கொண்டுபோனது காற்று. நம் நாட்டில் மண்ணைக் கொண்டுபோவது மழை.

கோலாலம்பூர் வட்டாரத்தில் ஓர் ஆண்டுக்குச் சராசரியாக 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் கொட்டும் மழையை நாம் அறிவோம். அந்த மழை வெறும் மண்ணில் விழுந்தால் ஒவ்வொரு துளியும் ஒரு சிறு சம்மட்டி போல மண்ணைத் தட்டிப் பெயர்க்கும். பெயர்ந்த மண் ஓடையில் இறங்கி, கோம்பாக் ஆற்றிலும் கிள்ளான் ஆற்றிலும் சேர்ந்து, ஆற்றின் அடியை மேடாக்கும். கோலாலம்பூர் என்னும் பெயருக்கே சேற்று ஆறுகள் கூடுமிடம் என்றுதான் பொருள் சொல்வார்கள்.

தோட்டங்களின் வரலாற்றிலும் இதற்கு ஒரு பாடம் உண்டு. தொடக்க காலத்து ரப்பர்த் தோட்டங்களில் மரத்தடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்று முழுக்களையெடுப்பு முறையைக் கையாண்டார்கள். நம் முன்னோர்கள் குனிந்த முதுகு நிமிராமல் ஒவ்வொரு புல்லையும் கொத்தி எடுத்தார்கள். தோட்டம் பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஆனால் மேல்மண் மழையோடு போயிற்று. பின்னரே புவேரேரியா, கலபகோனியம், சென்ட்ரோசீமா போன்ற மூடுபயிர்க் கொடிகளைப் பரப்பும் வழக்கம் வந்தது. எல்லாப் புல்லும் களை என்று எண்ணியதால் வந்த நட்டம் அது. எந்தப் புல் பகை, எந்தப் புல் துணை என்று பிரித்தறியாதவர்களுக்கு இன்றைக்கும் இந்த நட்டம் வரும்.

இனி வெட்டிவேரின் அடையாளங்களை ஒவ்வொன்றாகக் காண்போம். தொலைவிலிருந்து தொடங்கி, கிட்டே வந்து, பிறகு மண்ணைத் தோண்டிப் பார்க்கும் வரிசையில் சொல்லுகிறோம்.

தொலைவிலிருந்து பார்த்தால் வெட்டிவேர் ஓர் ஆள் உயரத்துக்கு அடர்ந்த குத்தாகத் தெரியும். ஒன்றரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை வளரும். இலைகள் விறைப்பாக மேல்நோக்கி நிற்கும். நுனி மட்டும் சற்று வளையும். குத்துக்கும் குத்துக்கும் நடுவே தரை வெறுமையாக இருக்கும். அதாவது, இது தன் இடத்தை விட்டு நகர்ந்து பரவுவதில்லை. தரைமேல் ஓடும் தண்டும் இல்லை. மண்ணுக்குள் ஓடும் கிழங்குத் தண்டும் இல்லை. நட்ட இடத்திலேயே தூர் பருத்துக்கொண்டு போகும்.

கிட்டே வந்து அடித்தூரைப் பாருங்கள். இதுவே நல்ல அடையாளம். வெட்டிவேரின் ஒவ்வொரு தூரும் அடியில் தட்டையாக இருக்கும். இலையடிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரு பக்கமும் மாறிமாறி அடுக்கப்பட்டு, மடித்த விசிறிபோலத் தோன்றும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து உருட்டிப் பார்த்தால் உருளாது. அடியின் ஓரம் கூர்மையாக விரலில் படும். செரையோ விரலில் உருளும். அதன் அடி வெங்காயத்தாள் போல உருண்டு, வெளுத்துப் பருத்திருக்கும்.

அடுத்து இலை. வெட்டிவேரின் இலை ஒடுக்கமானது. அகலம் பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது. நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை இருக்கும். மேற்பரப்பு வழவழப்பாகவும் ஓரம் சொரசொரப்பாகவும் இருக்கும். நடுநரம்பு கீழ்ப்புறத்தில் எடுப்பாகத் தெரியும். இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். சாதாரணப் பச்சைப்புல் வாசனைதான் வரும். எலுமிச்சை வாசனை வராது. இது முக்கியம். வெட்டிவேரின் மணம் வேரில் இருக்கிறது, இலையில் இல்லை. மணமுள்ள புல் என்று கேள்விப்பட்டு இலையைக் கசக்கிப் பார்க்கிறவர்கள், மணம் வரும் வேறொரு புல்லை வெட்டிவேர் என்று எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள்.

பிறகு பூ. எல்லா நேரத்திலும் பூ கிடைக்காது. கிடைத்தால் பார்க்க வேண்டியது இதுதான்: நீண்ட தண்டின் உச்சியில் ஒரு கதிர், அதில் மெல்லிய காம்புகள் வட்டம் வட்டமாக, அடுக்கடுக்காக நிற்கும். நிறம் ஊதாவும் பழுப்பும் கலந்தது. பூச்சிறுகதிர்கள் இரண்டிரண்டாக இருக்கும். ஒன்று காம்பில்லாமல் ஒட்டியிருக்கும். மற்றது சிறு காம்பில் நிற்கும். பூதக்கண்ணாடி கொண்டு பார்த்தால் அவற்றின்மேல் மிகச் சிறிய முட்கள் தெரியும். பூத்தாலும், வேருக்காகவும் வேலிக்காகவும் வளர்க்கப்படும் தென்னிந்திய வகையில் முளைக்கும் விதை உண்டாவதில்லை. ஆகவே இது பக்கத்துத் தோட்டத்துக்குப் பரவிக் களையாகிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. வட இந்தியாவில் தானாக வளரும் வகைக்கு விதை முளைக்கும். நாற்றை வாங்கும்போது தூரைப் பிரித்து நட்டு வளர்த்த நாற்றா என்று கேட்டு வாங்குவது அதனால்தான்.

கடைசியாக வேர். குத்தின் ஓரத்தில் ஒரு சாண் ஆழம் தோண்டினால் போதும். நூல்போன்ற மெல்லிய வேர்கள் கற்றை கற்றையாக நேரே கீழ்நோக்கி இறங்கியிருக்கும். மற்றப் புற்களின் வேர் பெரும்பாலும் மேல்மண்ணில் பக்கவாட்டில் விரியும். வெட்டிவேரின் வேரோ செங்குத்தாக இறங்கும். நல்ல மண்ணாக இருந்தால் முதல் ஆண்டிலேயே மூன்று மீட்டர் ஆழத்துக்குப் போகும். ஒரு வேரைக் கிள்ளிக் கழுவி முகர்ந்தால், மழை பெய்த மண்ணும் பழைய சந்தனக் கட்டையும் கலந்தாற்போன்ற மணம் வரும். இளஞ்செடியில் இம்மணம் மெலிந்திருக்கும். முதிர்ந்த வேரில் நன்றாகத் தெரியும். வேரை நிழலில் உலர்த்தி மறுபடி நனைத்தால் ஐயத்துக்கே இடமில்லை.

இனி, இதனோடு குழப்பிக்கொள்ளும் புற்களைப் பார்ப்போம்.

நம் வீட்டுக் கொல்லையில் இருக்கும் செரை முதலாவது. இதன் இலை அகலமானது, சற்று நீலம் பாய்ந்த பச்சை, நடுவில் வளைந்து தொங்கும். கசக்கினால் எலுமிச்சை மணம். அடி உருண்டையானது. வேர் ஆழம் போகாது; கையால் இழுத்தாலே தூர் வந்துவிடும்.

இரண்டாவது, கொசுவிரட்டும் எண்ணெய் எடுக்கப்படும் 'செரை வாங்ஙி'. குழப்பத்துக்கு இதுவே பெரிய காரணம். வெட்டிவேருக்கு மலாயில் ஆக்கார் வாங்ஙி. இதற்குச் செரை வாங்ஙி. வாங்ஙி என்றால் மணம். நாற்றுக் கடையில் போய் 'வாங்ஙி புல்' என்று மட்டும் கேட்டால் எது கையில் வரும் என்று சொல்ல முடியாது. செரை வாங்ஙியும் ஆள் உயரம் வளரும், குத்தாகவும் நிற்கும். ஆனால் இலையடி செந்நிறம் அல்லது ஊதா கலந்திருக்கும். இலையைக் கசக்கினால் கொசு எண்ணெய் மணம் மூக்கைத் துளைக்கும்.

மூன்றாவது லாலாங். தோட்டத்து மக்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இருந்தாலும் இளம் லாலாங்கை வெட்டிவேர் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. லாலாங் குத்தாக நிற்காது. மண்ணுக்குள் ஊசிமுனை கொண்ட வெள்ளைத் தண்டுகளை ஓடவிட்டுத் திடல் முழுவதும் பரவும். அதன் இலையில் நடுநரம்பு வெண்மையாக இருக்கும். அதுவும் சரியாக நடுவில் இராமல் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். பூ வெள்ளைப் பஞ்சு. இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் அது வெட்டிவேர் அன்று.

நான்காவது, ஆப்பிரிக்காவிலிருந்து வந்து சாலையோரமெல்லாம் நிற்கும் கினிப்புல். இதுவும் உயரமான குத்துப்புல். பூக்காம்பும் அடியில் வட்டமாகக் கிளைக்கும். ஆனால் இலை அகலமானது. தண்டின் கணுக்களில் மயிர் இருக்கும். பூங்கதிர் தளர்ந்து விரிந்திருக்கும். சிறுகதிர்கள் முள்ளில்லாமல் மழமழப்பாக இருக்கும். விதை உதிர்ந்து எங்கும் முளைக்கும். வேரில் மணம் இராது.

ஐந்தாவது, பள்ளித் திடலில் மிதிபட்டுக் கிடக்கும் சம்பாவ் புல். இதன் அடியும் தட்டைதான். ஆகவே தட்டை அடி ஒன்றை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. இது முழங்கால் உயரம்கூட எட்டாது. அடி வெள்ளிபோல் வெளுத்திருக்கும். பூங்கதிர் கைவிரல்களை விரித்தாற்போல் இருக்கும். நம் கேழ்வரகுக்கு நெருங்கிய உறவு. ஓராண்டுப் புல், நிலைத்து நிற்காது.

ஆக, அடி தட்டை, இலை ஒடுக்கம், இலையில் மணமின்மை, வேரில் மணம், பக்கத்தில் பரவாமை ஆகிய ஐந்தும் ஒன்றுசேர்ந்தால் அது வெட்டிவேர். நான்கு பொருந்தி ஒன்று பொருந்தாவிட்டால் மறுபடி பார்க்க வேண்டும்.

இதில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். நாங்கள் அறிந்த ஒரு தோட்டப் பள்ளியின் பின்புறம் மண்ணை வெட்டி எடுத்த சரிவு ஒன்று உண்டு. அதன் அடியில் இரண்டு வகுப்பறைகள். மழைக்காலத்தில் செம்மண் கரைந்து வந்து வாய்க்காலை அடைத்துவிடும். தண்ணீர் வகுப்பறை வாசல்வரை வரும். சரிவில் வெட்டிவேர் நடுவதென்று பெற்றோர்கள் முடிவு செய்து பணம் திரட்டினார்கள். நாற்றும் ஒரு வண்டியில் வந்து இறங்கியது. மாணவர்கள் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி தன் கையை முகர்ந்து பார்த்து, "டீச்சர், இதுல கொசு எண்ணெய் வாசம் வருதே, வெட்டிவேர் இலையில வாசம் இருக்காதுன்னு சொன்னீங்களே?" என்று கேட்டாள். அடியைப் பார்த்தோம், சிவந்து உருண்டிருந்தது. வந்தது செரை வாங்ஙி. விற்றவர் ஏமாற்ற எண்ணியவர் அல்லர். மணப்புல் கேட்டார்கள், மணப்புல் கொடுத்தேன் என்றார். நாற்று திரும்பிப் போயிற்று. இரண்டு வாரம் கழித்துச் சரியான நாற்று வந்தது. அந்தப் பெண் கேட்டிராவிட்டால் சரிவு முழுவதும் செரை வாங்ஙி நிற்கும். நாமும் வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்திருப்போம். வேர் ஆழம் போகாத புல்லை நம்பிப் பிள்ளைகளை அதன் அடியில் உட்கார வைத்திருப்போம்.

வெட்டிவேர் சரிவில் என்ன வேலை செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். சரிவின் குறுக்கே, ஒரே மட்டத்தில், வரிசையாக நெருக்கி நட வேண்டும். குத்துகள் பருத்து ஒன்றோடொன்று சேர்ந்து அடர்ந்த வேலியாகும். மேலிருந்து வரும் தண்ணீர் இந்த வேலியில் மோதி வேகம் குறையும். பரந்து மெதுவாக வடியும். கொண்டுவந்த மண் வேலியின் பின்னால் படியும். மண் படியப் படிய, புதைந்த கணுக்களிலிருந்து புல் புதிய தூர்விட்டு மேலே எழும். சில ஆண்டுகளில் வேலிக்குப் பின்னால் இயற்கையாகவே ஒரு படிக்கட்டு நிலம் உருவாகிவிடும். மேலே இது நடக்க, கீழே வேர் ஆணி அடித்தாற்போல் மண்ணைப் பிடித்திருக்கும்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததன்று. கர்நாடகத்தில் மைசூருக்குத் தெற்கே குண்டலுப்பேட்டைப் பக்கத்து உழவர்கள் தலைமுறை தலைமுறையாக வயல் எல்லைகளில் வெட்டிவேர் வேலி வளர்த்து வந்தார்கள். 1950களில் ஜான் கிரீன்ஃபீல்ட் என்பவர் பீஜித் தீவின் கரும்புத் தோட்டச் சரிவுகளில் இதைப் பயன்படுத்தினார். 1980களில் அவரும் ரிச்சர்ட் கிரிம்ஷா என்பவரும் உலக வங்கிப் பணியில் இந்தியாவில் இருந்தபோது, இந்த முறையை விளக்கி உழவர்களுக்கான சிறு கையேடு ஒன்று வெளிவந்தது. நம் நாட்டில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பி. கே. யூன் 1990களின் தொடக்கத்தில் வெட்டிவேரை நட்டுச் சோதித்து விரிவான அறிக்கைகள் எழுதினார். மலேசியச் சாலைச் சரிவுகளில் இப்புல்லைப் பயன்படுத்திய பொறியாளர் டிட்டி ஹெங்சாவோவனிச் அதன் வேரின் இழுவிசை வலிமையை அளந்து 1996இல் வெளியிட்டார். சராசரியாக 75 மெகாபாஸ்கல் என்பது அவர் கண்ட அளவு. இது சாதாரண எஃகின் வலிமையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. நூல்போன்ற ஒரு புல்வேருக்கு இது பெரிய வலிமை.

நட விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். கடையில் வாங்கும் உலர்ந்த வேர் முளைக்காது. தூரோடு கூடிய நாற்று வேண்டும். பெரிய குத்தைப் பிரித்து, இரண்டு மூன்று தூர் ஒன்றாக இருக்கும்படி எடுத்து, இலையை 20 சென்டிமீட்டர் அளவுக்கும் வேரை ஒரு விரல் நீளத்துக்கும் கத்தரித்துக்கொள்ளுங்கள். 10 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுங்கள். இடைவெளி கூடினால் அந்தச் சந்திலேயே தண்ணீர் பாய்ந்து பள்ளம் பறிக்கும். வரிசை ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க, கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாய் போதும். மழை தொடங்கும் சமயத்தில் நடுவது நல்லது. வேர் பிடித்த பிறகு அவ்வப்போது அரை மீட்டர் உயரத்துக்கு வெட்டிவிட்டால் தூர் அடர்ந்து வரும். ஒன்றை மறக்கக்கூடாது: வெட்டிவேர் நிழலுக்கு ஆகாது. அடர்ந்த செம்பனை நிழலிலும் முதிர்ந்த பால்மரத்து நிழலிலும் மெலிந்து மடிந்துவிடும். வெயில் படும் சரிவே இதற்கு ஏற்ற இடம்.

புல்லின் வலிமையைச் சொன்னோம். அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். வெட்டிவேர் பிடித்து வைப்பது மேல்மண்ணையும் அதற்குக் கீழே இரண்டு மூன்று மீட்டரையும்தான். மலையே ஆழத்தில் நழுவினால் எந்தப் புல்லும் தடுக்காது. 1993 டிசம்பர் 11ஆம் நாள் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிக் கட்டடங்களில் ஒன்று சாய்ந்து 48 உயிர்கள் போயின. 2008 டிசம்பர் 6ஆம் நாள் அதே வட்டாரத்தில் புக்கிட் அந்தாராபங்சாவில் மண் சரிந்து வீடுகள் புதைந்தன. 2022 டிசம்பர் 16ஆம் நாள் பத்தாங் காலியில் கூடாரமிட்டுத் தங்கியிருந்தவர்கள் மீது நிலம் சரிந்து 31 பேர் மாண்டார்கள். இவை வேலிப்புல்லால் தீரக்கூடிய காரியங்கள் அல்ல. சரிவில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், பிதுங்கிய தடுப்புச் சுவர், இல்லாத இடத்தில் ஊறும் தண்ணீர் ஆகியவற்றில் எதைக் கண்டாலும், புல் நட்டிருக்கிறோமே என்று இருந்துவிடாமல், அந்த இடத்தை விட்டு விலகி உடனே ஊராட்சி மன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பொதுப்பணித் துறையில் சரிவுகளுக்கென்றே 2004 முதல் ஒரு தனிப் பிரிவு இயங்கி வருகிறது.

ஆனால் பெருஞ்சரிவு ஒன்றுக்கு ஆயிரம் சிறு அரிப்புகள் நடக்கின்றன. வாய்க்கால் அடைவதும், பாதை அறுபடுவதும், வீட்டு அடித்தளத்தில் மண் குறைவதும், ஆறு மேடாகி வெள்ளம் எளிதில் ஏறுவதும் அதனால்தான். இவற்றைத் தடுக்க நம் கையில் இருக்கும் மலிவான கருவிகளில் ஒன்று, சரியாக இனங்கண்டு நட்ட வெட்டிவேர்.

ஆசிரியர்களும் பெற்றோர்களும் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு பயிற்சி செய்யலாம். வீட்டுப் பக்கத்திலோ பள்ளித் திடலிலோ ஐந்து வகைப் புல்லைத் தேடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தூரை வேரோடு எடுத்துப் பழைய செய்தித்தாளில் பரப்பி, மேலே கனமான புத்தகங்களை வையுங்கள். ஒரு வாரத்தில் உலர்ந்துவிடும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் அடி தட்டையா உருண்டையா, குத்தா பரவலா, இலையில் மணமா வேரில் மணமா என்று எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பாதகமில்லை. பார்த்ததை எழுதினால் போதும். பெயரைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். லாலாங்கைத் தோண்டும்போது மட்டும் அதன் ஊசிமுனை கையில் குத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மழைக்கு முன் உங்கள் வீட்டுப் பின்புறத்து மண்ணையும் அங்கே நிற்கும் புல்லையும் ஒரு முறை பாருங்கள்.